பொறியைத் தெளிதல்: சேவையகத் தெரிவில் எழும் ஓர் அறவினா

மனிதன் தன் நினைவைத் தனக்குப் புறத்தேயுள்ள பொருள்களிடம் ஒப்படைக்கத் தொடங்கிய நாள்முதல், அப்பொருள்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற வினா அவனைத் தொடர்ந்து வந்துள்ளது. கல்லும் செப்பேடும் ஓலையும் கடதாசியும் தத்தம் காலத்தில் இவ்வினாவுக்கு உட்பட்டன. ஓலையைத் தெரிந்தவன் அது செல்லரிக்குமா என்று பார்த்தான். மையைத் தெரிந்தவன் அது மங்குமா என்று பார்த்தான். இன்று அவ்விடத்தைக் கணினி பெற்றுள்ளது. மருத்துவமனையின் நோயாளர் பதிவேடும், பல்கலைக்கழகத்தின் பரீட்சைப் பெறுபேறும், கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கும் எங்கோ ஓர் அறையில் இரவு பகலாக ஓயாது இயங்கும் பொறியொன்றின் பாதுகாப்பில் உள்ளன. பலருடைய கணினிகள் கேட்டவற்றை எடுத்து வழங்கும் அப்பொறியையே சேவையகம் என்கிறோம்.

எந்தச் சேவையகத்தை வாங்குவது என்பது பொறியியலாளரும் களஞ்சியப் பொறுப்பாளரும் முடிவுசெய்ய வேண்டிய காரியமெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. அதில் மெய்யியலுக்கு இடமேது என்று வினவுவோரும் உளர். ஆயினும், அப்பொறியில் இயங்கவிருப்பது திறந்த மூலப் பணிசெயல் முறைமையாயின் நிலைமை வேறாகின்றது. லினக்ஸ், ஓப்பின் பி.எஸ்.டி. போன்ற முறைமைகளின் மூலச் செய்நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம். ஆனால் செய்நிரல் அந்தரத்தில் நிற்பதன்று. அது முறைவழியாக்கியின்மீதும் நினைவகத்தின்மீதும் வன்தட்டின்மீதும் நிற்க வேண்டும். மேலே உள்ளது அனைவர்க்கும் திறந்தது. கீழே உள்ளதோ பெரும்பாலும் உற்பத்தியாளரின் இரகசியம். பிறருடைய பொருளுக்குப் பொறுப்பாக நிற்கும் ஒருவன், தன்னால் அறிய முடியாத ஒன்றை நம்பி அப்பொருளை அதனிடம் ஒப்படைக்க உரிமையுடையவனா? இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், இது புதிதாகப் புனைந்த வினாவன்று என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் பிறப்பே ஒரு வன்பொருட் பிணக்கிலிருந்துதான் தொடங்குகின்றது. 1980 ஐ அண்டிய காலத்தில் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வுகூடத்துக்கு ஸெறொக்ஸ் நிறுவனம் லேசர் அச்சுப்பொறியொன்றை வழங்கியது. அதிற் கடதாசி அடிக்கடி சிக்கிக்கொள்ளும். சிக்கியதை வலையமைப்பிலுள்ளோர்க்கு அறிவிக்குமாறு அதன் செய்நிரலை மாற்றியமைக்க அங்கு பணியாற்றிய றிச்சட் ஸ்ரோல்மன் விரும்பினார். முன்னைய அச்சுப்பொறிக்கு அவ்வாறு செய்தும் இருந்தார். புதியதன் மூலச் செய்நிரல் தரப்படவில்லை. அதனை வைத்திருந்த பிறிதொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் கேட்டபோது, எவருக்கும் வெளிப்படுத்துவதில்லை என ஒப்பந்தம் செய்திருப்பதாகக் கூறி அவர் மறுத்தார். 1983 இல் ஸ்ரோல்மன் அறிவித்த ‘ஞூ’ திட்டத்துக்கு இந்நிகழ்ச்சியும் ஒரு தூண்டுகோலாயிற்று. கடதாசி சிக்குவது சிறு தொல்லையே. எனினும், தொல்லையைத் தீர்க்கும் ஆற்றலும் விருப்பமும் உள்ளவனிடமிருந்து அறிவு விலக்கி வைக்கப்பட்டது சிறு காரியமன்று.

இனி, நம்பகம் என்னும் சொல்லை நோக்குவோம். வாங்குவோன் முதலிற் காண்பது உற்பத்தியாளர் தரும் எண்களை. வன்தட்டுகளின் விவரத்தாள்களில், பழுதுறுமுன் இயங்கும் சராசரிக் காலம் 10 இலட்சம் மணித்தியாலம் முதல் 15 இலட்சம் மணித்தியாலம் வரை எனக் குறிக்கப்படுவது வழக்கமாயிருந்தது. 10 இலட்சம் மணித்தியாலம் என்பது ஏறத்தாழ 114 ஆண்டுகள். எந்த வன்தட்டையும் எவரும் 114 ஆண்டுகள் இயக்கிப் பார்த்ததில்லை. இது பல தட்டுகளைக் குறுகிய காலம் சோதித்துக் கணித்துப் பெற்ற எண்ணாகும். இதன்படி ஆண்டொன்றுக்கு 100 தட்டுகளில் ஒன்றுகூடப் பழுதுறலாகாது, கூடியது 0.88 வீதமே பழுதுறலாம். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியங்கா ஷ்றோடரும் கார்த் கிப்சனும் ஏறத்தாழ ஓர் இலட்சம் தட்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரை வேறொன்றைக் கூறியது. உண்மையான பயன்பாட்டில் ஆண்டுதோறும் மாற்றப்பட்ட தட்டுகள் 2 முதல் 4 வீதமாயிருப்பது சாதாரணம் என்றும், சில இடங்களில் அது 13 வீதம் வரை சென்றது என்றும் அவர்கள் கண்டனர்.

இதிலிருந்து உற்பத்தியாளர் பொய்யர் என்ற முடிவுக்கு வருவது தகாது. சோதனைக்கூடத்தின் தட்பவெப்பம் வேறு, பயன்படுமிடத்தின் தட்பவெப்பம் வேறு. பழுது என்று உற்பத்தியாளர் கொள்வதும் பயன்படுத்துவோர் கொள்வதும் ஒன்றல்ல. ஆயினும் ஓர் உண்மை புலனாகின்றது. விவரத்தாளில் உள்ள எண் ஒரு வாக்குறுதி. பயன்படுத்தினோரின் பதிவேட்டில் உள்ள எண் ஓர் அனுபவம். வாக்குறுதி ஒருவனிடமிருந்து வருவது. அனுபவமோ பலர் தாம் கண்டதை மறைக்காது எழுதி வைத்து, பிறர் காணவும் விட்டபோது மட்டுமே கிடைப்பது. மேற்சொன்ன ஆய்வு நிகழ முடிந்தமைக்குக் காரணம், பெருங்கணினிகளை நடத்திய சில நிறுவனங்கள் தம் பழுதுப் பதிவுகளை ஆய்வாளரிடம் ஒப்படைத்தமையே. ஆகவே நம்பகம் என்பது பொருளினுள்ளே நிறைத்து விற்கப்படும் ஒரு குணம் என நாம் எண்ணுவது முழுதும் சரியன்று. அதில் ஒரு பாதி பொருளிலும், மறுபாதி அப்பொருளைப் பற்றி மனிதர் ஒருவர்க்கொருவர் உண்மை பேசுவதிலும் உள்ளது.

நினைவகத்தைப் பற்றியும் இவ்வாறே கூறலாம். கூகிள் நிறுவனத்தின் கணினிகளைக் கொண்டு 2009 இல் ஷ்றோடரும் அந்நிறுவனத்தார் இருவரும் வெளியிட்ட ஆய்வு, ஓராண்டில் மூன்றிலொரு பங்கு கணினிகள் திருத்தத்தக்க நினைவக வழு ஒன்றையேனும் கண்டன எனக் காட்டியது. திருத்தத்தக்க என்ற சொல் ஈண்டு முக்கியமானது. அக்கணினிகளில் வழுவைக் கண்டு திருத்தும் நினைவகம் இருந்தது. அதனாலேயே வழு நிகழ்ந்தமை தெரிய வந்தது. மலிவான சாதாரண நினைவகத்தில் இவ்வேற்பாடு இல்லை. அங்கே ஓர் 1 ஓசையின்றி 0 ஆகலாம். மாணவன் ஒருவனின் புள்ளியும் நோயாளி ஒருவரின் மருந்தளவும் அதனால் மாறுபடலாம். கணினி அதனை அறியாது. அறியாதபடியால் எவருக்கும் அறிவிக்காது. வழுவுவது பொறிக்கு இயல்பு. தன் வழுவைத் தானே வெளிப்படுத்தும் பொறி, வழுவாத பொறியைப்போல் தோற்றமளிக்கும் பொறியிலும் மேலானது. சேவையகத்துக்கு வழுத்திருத்த நினைவகம் கட்டாயம் என்று அனுபவசாலிகள் வற்புறுத்துவதன் உட்பொருள் இதுவேயாம்.

ஒன்று பழுதுற்றால் மற்றொன்று தாங்கட்டும் எனப் பல தட்டுகளை ஓரணியாக இணைத்து, ஒரே தரவைப் பல இடங்களில் எழுதி வைப்பது சேவையகங்களில் வழக்கம். இது சாட்சிகளைப் பெருக்குவதற்கு ஒப்பானது. ஆனால் ஒரே வாயிலிருந்து கேட்ட ஐந்து சாட்சிகள் உண்மையில் ஒரு சாட்சியே. 2019 நவம்பரில் ஹியூலெற் பக்காட் என்ரபிறைஸ் நிறுவனம் தன் வாடிக்கையாளர்க்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. அது விற்ற சில வகைத் திண்மநிலைச் சேமிப்பகங்கள், இயங்கத் தொடங்கி 32,768 ஆவது மணித்தியாலத்தில், அதாவது 3 ஆண்டுகளும் 270 நாள்களும் 8 மணித்தியாலமும் கழிந்ததும், முற்றாகச் செயலிழக்கும். அதன்பின் தரவை மீட்க முடியாது. அவற்றுள் பதிந்துள்ள நிலைபொருளைப் புதுப்பிப்பதே பரிகாரம் என்று அது அறிவித்தது. 32,768 என்பது 2 இன் 15 ஆம் அடுக்கு. கணினியின் எண்முறையை அறிந்தோர்க்கு அந்த எண் ஒன்றே பலவற்றை உணர்த்தும். ஒரே நாளில் வாங்கி, ஒரே நாளில் இயக்கிய சேமிப்பகங்கள் ஒரே மணித்தியாலத்தில் மடியும். அங்கே ஓரணியாக்கியதாற் பயன் என்ன? குற்றம் உலோகத்தில் இருக்கவில்லை. வாங்கியவர் எவரும் படித்துப் பார்க்க முடியாத சிறு செய்நிரலொன்றின் ஏதோ ஒரு வரியில் இருந்தது.

மேற்சொன்னது தவறு, வேண்டுமென்று செய்ததன்று. அறிந்தும் கூறாமையோ வேறு வகையைச் சார்ந்தது. 2020 ஏப்பிரலில், வெஸ்ரேண் டிஜிற்றல் நிறுவனத்தின் ‘ரெட்’ என்னும் வரிசையைச் சேர்ந்த சில வன்தட்டுகளில், காந்தத் தடங்களை ஓடுவேய்ந்தாற்போல ஒன்றன்மேலொன்று சற்று மேற்கவியுமாறு எழுதும் முறை கையாளப்பட்டிருப்பது வெளியாயிற்று. இம்முறை குறைந்த இடத்தில் கூடிய தரவைச் சேமிக்க உதவும். ஆனால் தொடர்ந்து எழுத நேரும்போது வேகம் பெரிதும் குன்றும். பல தட்டுகளை அணியாக இணைத்துப் பயன்படுத்துவோர்க்கென்றே விற்கப்பட்ட வரிசை அது. திறந்த மூல முறைமைகளில் இயங்கும் ‘இசற் எஃப் எஸ்’ என்னும் கோப்பு முறைமையைப் பயன்படுத்தியோர் பழுதுற்ற தட்டுக்குப் பதிலாகப் புதியதை இட்டு அணியை மீளக் கட்டமைக்க முயன்றபோது, சிலருடைய முயற்சி மிகநீண்டது, சிலருடையது முறிந்தது. தட்டின் பெயரும் நிறமும் மாறவில்லை, உள்ளியல்பு மாறியிருந்தது. விவரத்தாளில் அது குறிக்கப்படவில்லை. வெளியான பின்னரே நிறுவனம் எவ்வெவ் வகைத் தட்டுகளில் எம்முறை உள்ளதெனப் பட்டியலிட்டு, பிற்பாடு வரிசையையும் பெயரால் வேறுபடுத்தியது.

இங்கே பொய் எதுவும் எழுதப்படவில்லை என ஒருவர் வாதிக்கலாம். எழுதியவை யாவும் மெய்யே. எழுதப்படாதது ஒன்றே குறை. ஆனால், கேட்போன் எதனை அறிந்தால் தன் முடிவை மாற்றுவானோ, அதனை அறிந்தே கூறாது விடுதல் வாய்மைக்கு அமையுமா? வாய்மை என்பது சொல்லின் மெய்ம்மையில் மட்டும் தங்குவதன்று. அச்சொல்லால் பிறர்க்குத் தீங்கு நேராமையையும் நம் அறநூன் மரபு வாய்மையின் இலக்கணத்துட் சேர்த்தே கருதியுள்ளது. அம்மரபின்வழி நோக்கின், மௌனமும் ஒரு சொல்லே. அதற்கும் பொறுப்பு உண்டு.

இவ்விடத்தில் பொறியை நம்புவதும் மனிதனை நம்புவதும் ஒன்றா என்னும் வினா எழுகின்றது. அனெற் பேயர் என்னும் மெய்யியலாளர் 1986 இல் நம்பிக்கை பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், சார்ந்திருத்தலையும் நம்புதலையும் வேறுபடுத்தினார். நாம் சார்ந்திருந்த ஒன்று தவறினால் ஏமாற்றம் அடைகிறோம். நம்பிய ஒருவர் தவறினாலோ துரோகம் செய்யப்பட்டோம் என உணர்கிறோம். கடிகாரம் நின்றுவிட்டால் அதனைத் துரோகி என்பாரில்லை. இவ்வேறுபாட்டை ஏற்பின், வன்தட்டை நாம் நம்புவதில்லை, சார்ந்திருக்கிறோம். அதனைச் செய்தவரையே நம்புகிறோம். சேவையகத் தெரிவில் அறவினா நுழையும் வாயில் இதுவே. பொறிக்கு அறமில்லை. ஆனால் ஒவ்வொரு பொறியின் பின்னாலும் ஒரு சொல் உண்டு; அச்சொல்லைச் சொன்ன மனிதர் உண்டு.

திருக்குறளின் 51 ஆம் அதிகாரம் ‘தெரிந்துதெளிதல்’ என்பது. அரசன் தான் வினைக்கு அமர்த்துவோரை ஆராய்ந்து, பின் நம்புதலைப் பற்றியது அது. ஆராயாது ஒருவரை நம்புவதையும், நம்பியபின் அவரை ஐயுறுவதையும் வள்ளுவர் ஒருங்கே விலக்குகின்றார். மனிதரைப் பொறுத்தவரையில் இரண்டாவது விலக்கும் மிகப் பொருத்தமானதே. ஏனெனில் ஐயம் நட்பைப் புண்படுத்தும். பொறி அவ்வாறு புண்படுவதில்லை. அதனை நாள்தோறும் ஐயுறலாம், ஐயுறவும் வேண்டும். வழுப்பதிவுகளைப் படிப்பதும், சேமித்த பிரதியை மீளெடுத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் அத்தகைய ஐயத்தின் வடிவங்களே. ஆனால் ஐயுறுவதற்கும் ஒரு வாயில் வேண்டும். உள்ளே நடப்பதைக் கேட்டறிய வழியில்லாத பொறியை ஐயுறவும் இயலாது, தெளியவும் இயலாது. அங்கே எஞ்சுவது துணிச்சல் ஒன்றே.

இக்கருத்தைச் செயலில் காட்டிய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஓப்பின் பி.எஸ்.டி. என்னும் பணிசெயல் முறைமையை 1995 இல் கனடாவின் கல்கரி நகரிலிருந்து தொடங்கியவர் தியோ டி றாட். பிழையின்மையையும் பாதுகாப்பையும் முதன்மையாகக் கொண்ட முறைமை அது. அடப்ரெக் நிறுவனம் செய்த வட்டு அணிக் கட்டுப்படுத்திகள் சிலவற்றுக்கான செலுத்தி, அதாவது வன்பொருளைப் பணிசெயல் முறைமையோடு இணைக்கும் செய்நிரல், அதில் இடம்பெற்றிருந்தது. ஆனால் அக்கட்டுப்படுத்திகளை மேலாள்வதற்கு வேண்டிய ஆவணங்களை நிறுவனம் தரவில்லை. அணியிலுள்ள தட்டுகளில் ஒன்று இறந்தால் அதனை அறிவதற்கும், புதிய தட்டை இட்டு மீளக் கட்டுவதற்கும் அவ்வறிவு இன்றியமையாதது. நீண்ட வேண்டுகோளின் பின்னும் கிடைக்காமையால், 2005 மே மாதம் வெளிவந்த 3.7 ஆம் பதிப்பில் அச்செலுத்தியை வழக்கமான நிறுவலிலிருந்து அவர்கள் நீக்கினர். அக்கட்டுப்படுத்திகளை முன்னரே வாங்கியிருந்தோர் சினமுற்றனர். ஓரளவுக்கேனும் இயங்கிக்கொண்டிருந்ததை ஏன் நீக்க வேண்டும் என்பது அவர்தம் வினா.

அவ்வினா நியாயமற்றதன்று. ஆயினும் நீக்கியோரின் நிலையையும் நோக்க வேண்டும். ஒரு பொறிக்கு ஆதரவு உண்டு எனப் பட்டியலில் எழுதுவது வெறும் தகவலன்று. அது நீ இதனை வாங்கலாம், இதில் உன் தரவை வைக்கலாம் என்னும் உறுதிமொழி. அவ்வுறுதிமொழியைத் தம்மால் நிறைவேற்ற முடியாதென அறிந்தபின்னும் பட்டியலில் அப்பெயரை வைத்திருந்தால், முன்னர்க் கண்ட மௌனத்தின் குற்றமே அவர்களையும் சாரும். இசைவு என்னும் சொல்லின் பொருள் இங்கே தெளிவாகின்றது. செருகியதும் இயங்குவது ஒருவகை இசைவு. பழுதுற்ற நாளில் என்ன நேர்ந்ததெனச் சொல்ல வல்லது மற்றொரு வகை இசைவு. வாங்கும் நாளில் முன்னையதையே அனைவரும் பார்க்கின்றனர். பின்னையது இல்லாவிடின் முன்னையதால் விளைவது நிம்மதியன்று, நிம்மதியின் தோற்றமே.

எனினும், இக்கொள்கையை எல்லைவரை கொண்டுசெல்லும்போது அறம் இன்னொரு பக்கத்திலிருந்து குரல் கொடுக்கின்றது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுதியின் வரலாறு இதற்குச் சான்று. 1997 இல் ஏற்ற தம் சமூக ஒப்பந்தத்தில், தமது முறைமை முழுதும் கட்டற்றதாகவே இருக்குமென அதன் ஆக்குநர் உறுதியளித்தனர். அதன்வழி 2011 இல் வெளியான 6 ஆம் பதிப்பில், மூலம் வெளியிடப்படாத நிலைபொருள் துண்டுகளைக் கருநிரலிலிருந்து அகற்றி, வேண்டியோர் மட்டும் தனியே பெறும் பகுதிக்கு மாற்றினர். கொள்கை காக்கப்பட்டது. ஆனால் காலப்போக்கில், அத்துண்டுகளின்றி வலையமைப்பு அட்டைகளும் ஒலிச் சாதனங்களும் இயங்காத கணினிகள் பெருகின. வலையமைப்போடு இணைய முடியாத கணினியில் அம்முறைமையை நிறுவ முனைந்தோர் வாயிலிலேயே தடைப்பட்டனர். பார்வையற்ற ஒருவர் திரையை ஒலிவடிவிற் கேட்டே நிறுவ வேண்டும். ஒலிச் சாதனம் இயங்காதாயின் அவர்க்கு வழி முற்றாக அடைபட்டது. முறைவழியாக்கிகளின் பாதுகாப்புக் குறைகளைத் திருத்தும் நுண்நிரல்களும் அவ்விலக்கப்பட்ட பகுதியிலேயே கிடந்தன. ஈற்றில் 2022 இல் ஆக்குநர் வாக்களித்துச் சமூக ஒப்பந்தத்தைத் திருத்தினர். 2023 யூனில் வெளிவந்த 12 ஆம் பதிப்பின் நிறுவல் தொகுதியில் அந்நிலைபொருள்கள் சேர்க்கப்பட்டன.

கொள்கை தோற்றது எனச் சிலர் இதனை எண்ணுவர். அவ்வாறு கொள்வது பொருந்தாது. தூய்மை பேணுவோன் தன் தூய்மைக்காகப் பிறனொருவனை வெளியே நிறுத்துவானாயின், அத்தூய்மை யாருக்காக என்ற வினா எழுந்தே தீரும். அவர்கள் கட்டற்றதல்லாத ஒன்றைக் கட்டற்றது எனப் பெயர் மாற்றி உள்ளே விடவில்லை. இது எம் கொள்கைக்குப் புறம்பானது, எனினும் இன்று தேவைப்படுகின்றது என வெளிப்படக் கூறியே சேர்த்தனர். எவை சேர்க்கப்பட்டன என்பதைப் பயன்படுத்துவோன் அறியவும், வேண்டாவிடின் விலக்கவும் வழி வைத்தனர். ஓப்பின் பி.எஸ்.டி. மறுத்ததும் டெபியன் இணங்கியதும் வெளித்தோற்றத்தில் முரண்பட்டவை. ஆழ நோக்கின் இரண்டிலும் ஒரே ஒழுக்கம் உண்டு. தம்மை நம்புவோரிடம் தாம் அறிந்ததை மறைக்காமையே அது.

இனி, இவ்வாராய்ச்சிக்கு எதிராக எழும் வலுவான தடையொன்றைக் கூற வேண்டும். எந்தப் பொறியைத்தான் ஒருவன் முற்றாக அறிய முடியும்? கென் தொம்சன் தமக்கு அளிக்கப்பட்ட தூரிங் பரிசை ஏற்று ஆற்றி, 1984 இல் வெளியான உரையில், மூலச் செய்நிரலை வரிவரியாகப் படித்தாலும் அதனைப் பொறிமொழிக்கு மாற்றும் தொகுப்பியிலேயே கரவு ஒளிந்திருக்கலாம் என எடுத்துக்காட்டினார். நீயே முழுதும் ஆக்காத செய்நிரலை நீ முழுதும் நம்ப இயலாது என்பதே அவர் கண்ட முடிவின் சாரம். 2018 சனவரியில் வெளியான ‘மெல்ற்டவுன்’, ‘ஸ்பெக்ரர்’ என்னும் குறைபாடுகளோ, பல ஆண்டுகளாக உலகெங்கும் விற்பனையான முறைவழியாக்கிகளின் அமைப்பிலேயே பொதிந்து கிடந்தவை. செய்நிரல் திறந்திருந்தும் அவை அதன்வழிப் புலப்படவில்லை. ஏனெனில் அவை செய்நிரலுக்கும் கீழே இருந்தன. இவ்வாறாயின் அறியும் உரிமை என்பதே ஒரு மாயையன்றோ? அடியே இல்லாத கிணற்றில் சற்று ஆழம் இறங்குவதால் என்ன பயன்?

இத்தடைக்கு விடை, அறியாமையை இருவகையாகப் பகுத்து நோக்குவதில் உள்ளது. இன்னும் அறியப்படாதது ஒன்று. அறியத் தடுக்கப்பட்டது மற்றொன்று. இரண்டும் வெளியே நிற்பவனுக்கு ஒரே இருளாகத் தோன்றலாம். ஆனால் முன்னையது நாளை எவரேனும் ஒருவர் விளக்கேற்றினால் விலகக் கூடியது. பின்னையது விளக்கேற்றுவதையே குற்றமாக்குவது. மருத்துவனும் மனித உடலை முற்றாக அறியான்; அதனால் அவன்மீது நாம் குறை காண்பதில்லை. நோயாளியைச் சோதிக்க வேண்டாம், மருந்தை மட்டும் கொடு என்று அவனிடம் கூறினால், அவ்வாறு கூறியவர்மீதே குறை காண்போம். முற்றறிவு எவர்க்கும் கிட்டாது. ஆகவே நம்மிடம் கேட்கப்படுவதும் முற்றறிவன்று. அறிவின் வழியை அடைக்காத பொருளைத் தெரிந்தெடுத்தல் மட்டுமே. ஒருவன் தனியே எல்லாவற்றையும் படித்தறிதல் இயலாது என்பதும் உண்மை. ஆயினும் படிக்க விரும்பும் எவரும் படிக்கலாம் என்ற நிலை, படிக்காத ஏனையோரையும் காக்கின்றது. பொதுக் கணக்கைப் பார்வையிடும் உரிமை ஊரார் அனைவர்க்கும் உண்டு என்றால், ஒவ்வொருவரும் போய்ப் பார்க்காவிடினும் கணக்கெழுதுவோன் கவனமாயிருப்பான்.

இவற்றிலிருந்து தெரிவு செய்வோன் கைக்கொள்ளத்தக்க சில நெறிகள் பெறப்படும். ஒரு வன்பொருளின் செலுத்தி, பணிசெயல் முறைமையின் பொது மூலத்திலேயே இடம்பெற்றுள்ளதா, அன்றி உற்பத்தியாளர் தனியே தரும் மூடிய துண்டாக உள்ளதா என்று முதலிற் பார்க்க வேண்டும். முன்னையது உற்பத்தியாளர் கைவிட்ட பின்னும் பிறராற் பேணப்படும். பின்னையது கருநிரலின் அடுத்த மாற்றத்தோடு பயனற்றுப் போகலாம். மிகப் புதியதிலும், பலர் சில ஆண்டுகள் பயன்படுத்திக் குறைநிறைகளை எழுதி வைத்ததே சேவையகத்துக்கு ஏற்றது. வழுத்திருத்த நினைவகத்தைச் செலவு கருதி விடலாகாது. ஓரணியில் இணைக்கும் தட்டுகளை ஒரே தொகுதியில் வாங்காது வேறுபடுத்திக் கொள்ளுதல் நன்று. அணியைத் தனிக் கட்டுப்படுத்தியின் இரகசிய வடிவில் அமைப்பதினும், பணிசெயல் முறைமையே அமைக்கும் திறந்த வடிவில் வைத்தால், பொறி இறந்தாலும் தட்டுகளை வேறொரு பொறியிற் படிக்கலாம். பொறுப்பை ஏற்றுமுன் சில நாள்களேனும் பொறியைக் கடும்பணியில் ஈடுபடுத்திச் சோதிக்க வேண்டும். இவை யாவற்றுக்கும் மேலாக, ஏன் இதனைத் தெரிந்தோம், இதில் எது எமக்குத் தெரியாது என்பதை எழுதி வைக்க வேண்டும். அடுத்து வருபவன் நம்மிடம் கேட்க முடியாத நாளில் அந்த ஏடே அவனுக்கு விடை கூறும்.

அறியும் உரிமை செல்வந்த நிறுவனங்களுக்கே உரிய ஆடம்பரம் என எண்ணுவோர்க்கும் விடை கூறுதல் வேண்டும். உண்மை இதற்கு மறுதலையாகும். பெருநிறுவனம் உற்பத்தியாளரோடு ஒப்பந்தம் செய்து, பழுதுற்ற அன்றே திருத்துநரை அழைக்க வல்லது. அதனிடம் பணம் உண்டு. அதன் முறைப்பாட்டுக்குச் செவிசாய்ப்போரும் உண்டு. சிற்றூர்ப் பாடசாலைக்கோ சிறு நூலகத்துக்கோ அத்தகைய வலிமை இல்லை. அது பழைய சேவையகமொன்றையே பெரும்பாலும் வாங்க முடியும். உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திய பின்னரும் அதனை இயக்க வேண்டியிருக்கும். அந்நாளில் அதற்குத் துணை நிற்பது, எங்கோ ஒருவர் படித்துத் திருத்தி வைத்த திறந்த செலுத்தியே. எனவே பலவீனனுக்கே வெளிப்படைமை மிகுதியும் வேண்டும்.

இலங்கைத் தமிழர்க்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அவற்றுட் சில வேறெங்கும் பிரதி இல்லாதவை. 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள், எஞ்சிய ஈழத்து எழுத்துகளைப் பல பிரதிகளாக்கிக் காக்க முனைவன. ஆனால் எண்ணிம வடிவம் அழிவை இல்லாதொழிப்பதில்லை. அழிவின் தன்மையையே மாற்றுகின்றது. தீ எல்லோரும் காண எரியும். நினைவகத்தில் மாறிய ஒரு பிற்றும், தட்டில் மறைந்த ஒரு பக்கமும் எவரும் காணாமலே போய்விடும். ஓசையற்ற அழிவுக்கு எதிராக நாம் பெறக்கூடிய காவல், தன் பழுதைச் சொல்லும் பொறியும், அதனைக் கேட்கத் தெரிந்த மனிதருமே.

இக்கட்டுரையின் தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். தன் பொருளை மட்டும் வைப்பவன் எந்தப் பொறியையும் நம்பலாம். நட்டம் அவனோடு முடியும். பிறர் பொருளுக்குப் பொறுப்பாளியானவன் அறிய முடியாததை முற்றாக விலக்கிவிட இயலாது. ஆனால் அறியத் தடுக்கப்பட்டதை வேறு வழியிருக்கும்போது தெரிந்தெடுக்க அவனுக்கு உரிமையில்லை. வேறு வழியில்லாதபோது ஏற்கலாம், ஏற்றதை மறைக்கலாகாது. ஏனெனில் அப்பொறியின் விளைவுகளைத் தாங்கவிருப்போர் அதனைத் தெரிந்தவர் அல்லர். பரீட்சை எழுதிய மாணவனும், வார்ட்டிற் படுத்திருக்கும் நோயாளியும், கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகச் சிறுகச் சேமித்த மூதாட்டியும் வன்தட்டின் பெயரை ஒருபோதும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர்கள் நம்பியது பொறியை அன்று. அதனைத் தெரிந்த மனிதனையே.